கவருக்குள்ள இருந்த டார்கெட்

கழுத்துல தொங்கற அந்த டேக்கைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்க கண்ணு. ஜன்னல் காத்துக்கு உன்ற மூஞ்சியிலயே வந்து அடிக்குது பாரு. இரு, இரு, என்ன போட்டிருக்குது அதுல? பர்சேஸா? நீ பர்சேஸ் டிபார்ட்மெண்டா? அட! இன்னும் கொஞ்சம் நகந்து நல்லா உக்காரு. அவிநாசி தாண்டறதுக்கே முக்கா மணி நேரம் ஆயிரும் இன்னிக்கு. ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கறாங்க.

நானும் பர்சேஸ்தான் கண்ணு. கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனி. பேரு எதுக்கு, விடு. இருவத்தாறு வருசம் ஆச்சு. சாந்தாமணின்னு கேட்டா கேட்ல நிக்கற வாட்ச்மேன்ல இருந்து சின்ன முதலாளி வரைக்கும் தெரியும். எந்தச் சாமானை என்ன வெலைக்குள்ள வாங்கோணும்னு அங்க டார்கெட் போடறது இப்ப நாந்தான்.

உங்க கம்பெனில யாரு போடறாங்க? மேனேஜரா? எப்பிடிப் போடறாரு, போன வருசத்து ரேட்ல இருந்து அஞ்சு பர்சென்ட் கழிச்சுக்கறாரா? நெனச்சேன். எல்லாப் பக்கமும் இதே கூத்துத்தான். நூலுக்கும் அஞ்சு, பட்டனுக்கும் அஞ்சு, பாலித்தீன் பைக்கும் அஞ்சு. அந்தச் சாமானுக்கு உள்ளபடிக்கு என்ன ஆகும்னு ஒருத்தனும் எடை போட்டுப் பாக்கறதில்ல.

எங்க கம்பெனிலயும் அப்பிடித்தான் இருந்துது. கிருபாகரன்னு ஒருத்தன். பர்சேஸ் மேனேஜர். அவன், இவன்னு சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. முந்தியெல்லாம் நானும் சார் சார்னு கூப்பிட்ட ஆளுதான். மார்ச் மாசக் கடைசில பேனாவை எடுப்பான். எல்லாத்துக்கும் ஏழு பர்சென்ட்னு ஒரு கோடு இழுப்பான். அவ்வளவுதான் டார்கெட்டு. வார்ப்படம் ஊத்தறவன் வந்து அழுவான், பெயிண்ட்காரன் வந்து அழுவான். ஒருத்தன் மட்டும் அழ மாட்டான். அட்டைப்பெட்டி போடறவன். அவன் எதுக்கு அழறான்? கிருபாகரனோட மச்சினன் அவன். பெட்டிக்கு ஏழு பர்சென்ட் கொறைப்பாங்க, ரெண்டு மாசங் கழிச்சு பேப்பர் வெலை ஏறிப்போச்சுன்னு பத்து ஏத்திக் குடுப்பாங்க.

நான் அப்ப சாதாரண கிளார்க்கு. பி.காம். படிச்சவ. எனக்கு இந்த ஏழு பர்சென்ட் பொறுக்கல கண்ணு. எங்க வீட்ல இருந்து ஒரு தராசு கொண்டுபோனேன். ஒவ்வொரு சாமானா எடுத்து எடை போட்டேன். இதுல எத்தனை கிராம் இரும்பு, எத்தனை கிராம் ரப்பர், இன்னிக்கு மார்க்கெட்ல அது என்ன வெலை, மெஷின்ல எத்தனை நிமிசம் ஓடுது, கூலி எத்தனை, கரண்டு எத்தனை, அந்த ஆளுக்கு நாயமா எத்தனை லாபம் நிக்கணும்னு போட்டேன். ஆமா, லாபமும் போட்டேன். நூத்துக்குப் பத்து ரூவா அவிங்களுக்கு நிக்கணும், இல்லீன்னா எப்பிடிப் பொழைப்பாங்க? ரெண்டு மாசம். மத்தியானம் சோத்து நேரத்துல உக்காந்து போட்டது. நானூத்திப் பதினெட்டு சாமான்.

போட்டுப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துருச்சு. மோட்டாருக்குள்ள தண்ணி போகாம ஒரு ரப்பர் சீல் வெப்பாங்க. அதை நாங்க பதினாலு ரூவா நாப்பது பைசாவுக்கு வாங்கறோம். உள்ளபடிக்கு என்ன ஆவும்னு பாத்தா பதிமூணு தொண்ணூறு. அம்பது பைசாதான் கொறைக்க எடமிருக்குது. அந்த அட்டைப்பெட்டி எம்பத்தாறு ரூவா. உள்ளபடிக்கு என்ன ஆவுங்கற? அம்பத்தொம்பது! ஒரு பெட்டிக்கு இருவத்தேழு ரூவா சும்மா போவுது. மாசம் எட்டாயிரம் பெட்டி.

நான் வெகுளி கண்ணு. அதைக் கொண்டுபோயி அவன்கிட்டயே குடுத்தேன். வாங்கிப் பாத்தான். பெரட்டிப் பெரட்டிப் பாத்தான். "நல்லா வேலை பண்ணியிருக்கீங்க மேடம்"னான். அடுத்த வாரம் பெரிய முதலாளி ரூம்ல மீட்டிங். என்னையும் வரச் சொன்னான். நான் பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன்னா பாத்துக்க. அவன் எந்திரிச்சு நின்னு, "ரெண்டு மாசமா ஒக்காந்து ஒரு புது முறை கண்டுபுடிச்சிருக்கறேனுங்க ஐயா"ன்னு என்ற ஷீட்டை ஸ்கிரீன்ல போடறான். அட்டைப்பெட்டி வரியை மட்டும் காணோம். மத்ததெல்லாம் அப்பிடியே இருக்குது. பெரிய முதலாளி அசந்துபோயி, "யாருய்யா கூட உக்காந்து பண்ணுனது?"ன்னு கேக்கறாரு. என்னையக் காட்டி, "மேடம்தானுங்க டைப் பண்ணிக் குடுத்தாங்க"ங்கறான். டைப் பண்ணிக் குடுத்தாங்களாம்! எல்லாரும் என்னையப் பாத்துத் தலையாட்டறாங்க. நானும் சிரிச்சுட்டு ஒக்காந்திருந்தேன். அந்தச் சிரிப்பை நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது.

கண்டக்டர், ஒரு காந்திபுரம் குடுங்க. இந்தாங்க, சில்லரை இருக்குது.

என்ன சொன்னேன்? ஆங். மறுநாள் போயி நேராக் கேட்டேன். "ஏனுங் சார், பெட்டி வரியை ஏனுங் எடுத்தீங்க?"ன்னு. ஏன் என்ற பேரைச் சொல்லலன்னுகூடக் கேக்கல பாரு. பெட்டி வரியத்தான் கேட்டேன். ஒரு வாரத்துல எனக்கு டிரான்ஸ்பர் லெட்டர் வந்துது. எங்க தெரியுமா? ஸ்கிராப் யார்டு. இரும்புத் தூளு, ஒடைஞ்ச வார்ப்படம், துருப்புடிச்ச தகரம், இதையெல்லாம் லாரில ஏத்தி எடைமேடைல நிறுத்துவாங்களே, அங்க உக்காந்து சீட்டு எழுதற வேலை. லெட்டரைக் குடுக்கையில அவன் என்ன சொன்னான் தெரியுமா? டிபார்ட்மெண்டே கேக்கற மாதிரி சொன்னான். "மேடத்துக்குத்தான் எடை போடறதுன்னா ரொம்பப் புடிக்குமே, நல்லா போடட்டும்."

அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஒருத்தர் பாக்கியில்ல.

அஞ்சு வருசம் கண்ணு. தகரக் கொட்டாய். சித்திரை மாசத்துல மேல அனலு, கீழ அனலு. கக்கூஸ் போவணும்னா மெயின் பில்டிங்குக்கு நடக்கணும். நடந்தா பர்சேஸ் ஜன்னலத் தாண்டித்தான் போவணும். எங்க வீட்டுக்காரரு, "விட்டுத் தொலை சாந்தா, வேற வேலை பாத்துக்கலாம்"ன்னாரு. நான் விடல. நான் யாரையும் பழி வாங்கற ஆளு கெடையாது, அதை மொதல்ல தெரிஞ்சுக்க. ஆனா அங்கயேதான் இருக்கோணும்னு எனக்குள்ள ஒரு வைராக்கியம். அவன் எந்திரிச்சுப் போறதைப் பாக்கற வரைக்கும் நான் எந்திரிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்த அஞ்சு வருசமும் என்னையத் தேடி வந்தது ஒரே ஒருத்திதான். தங்கேஸ்வரின்னு பேரு. கணபதிப் பக்கம் சின்னதா ஒரு ஷெட்டு போட்டு, ரெண்டு பிரஸ் மெஷின் வெச்சு, ஆறு பொம்பளைங்களோட அந்த ரப்பர் சீல் போட்டுக் குடுத்துட்டு இருந்தவ. வீட்டுக்காரரு இல்ல. தானே ஸ்கூட்டர்ல மூட்டையக் கட்டிட்டு வருவா. ஸ்டோர்ஸ்ல எறக்கிப் போட்டுட்டு நேரா என்ற கொட்டாய்க்கு வந்துருவா. "சாப்புட்டீங்களாக்கா?"ம்பா. தக்காளிச் சோறு கொண்டு வருவா. கையில எப்பவும் ரப்பர் வாசம் அடிக்கும், அதோடயே போட்டுக் குடுப்பா. மத்தவங்களுக்கு நான் இருக்கறதே மறந்துபோச்சு. அவளுக்கு மறக்கல. நல்லவ. நல்லவதான், நான் இல்லைன்னு சொல்லல.

பொறவு பெரிய முதலாளிக்கு ஒடம்புக்கு முடியாமப் போயி, மகன் வந்து உக்காந்தாரு. வெளியூர்ல படிச்சவரு. வந்த ஒடனே எல்லா டிபார்ட்மெண்டையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டாரு. கிருபாகரன் என்ற ஷீட்டைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கறான். அஞ்சு வருசமா அதை வெச்சுத்தானே பொழப்பு ஓட்டறான். சின்னவரு அதுல சீல் வரியில வெரலை வெச்சு, "இதுல கழிவுன்னு மூணு பர்சென்ட் போட்டிருக்கீங்களே, இது எப்பிடி வந்துது?"ன்னு கேட்டிருக்கறாரு. முழிச்சிருக்கறான். அது அச்சுல இருந்து எடுக்கறப்ப ஓரத்துல பிதுங்கி நிக்கற ரப்பரு கண்ணு. கத்திரியில வெட்டிப் போடுவாங்க. அதையும் அள்ளி எடை போட்டுத்தான் எழுதியிருந்தேன். அவனுக்கு என்ன தெரியும்? அப்ப அக்கவுண்ட்ஸ்ல இருந்த வயசானவரு ஒருத்தரு வாயத் தொறந்து, "இது சாந்தாமணி போட்டதுங்க தம்பி, அந்தம்மா ஸ்கிராப் யார்டுல இருக்குது"ன்னு சொல்லிட்டாரு.

என்னையக் கூப்பிட்டு விட்டாரு. சேலையெல்லாம் துருத் தூளு, அப்பிடியே போனேன். ஒரு மணி நேரம் கேட்டாரு. நான் பாக்காமச் சொன்னேன், எல்லாமே மனசுல இருக்குது. கடைசியா சொன்னாரு: "இனிமே டார்கெட் போடறது நீங்க மேடம். அதை எட்டறது பர்சேஸ் வேலை. மூணு மாசத்துக்கு ஒருக்கா உக்காந்து பாப்போம். உங்களுக்கு ரூம் போட்டுத் தரச் சொல்றேன்."

வெளிய வந்து அந்தச் செவுத்தைப் புடிச்சுட்டு நின்னேன் கண்ணு. அழுகையா சிரிப்பான்னு எனக்கே தெரியல.

இப்பத்தான் நீ நல்லாக் கேக்கோணும். நீயும் பர்சேஸ்ல இருக்கற புள்ள, உனக்குப் பிரயோசனப்படும். மார்க்கெட் வெலையத் திருப்பி விசாரிச்சுப் போட்டுப் பாத்தேன், ஏறி எறங்கி சீலும் பெட்டியும் பழைய வெலையிலயேதான் நின்னுது. டார்கெட்டை ரெண்டு மாதிரி குடுக்கலாம். சாமான் சாமானா பிரிச்சு, சீலு பதிமூணு தொண்ணூறுக்குக் கீழ போவக்கூடாது, பெட்டி அம்பத்தொம்பதுக்கு மேல போவக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் கட்டிப்போட்டுக் குடுக்கலாம். இல்லீன்னா மொத்தமா, இந்த வருசம் இத்தனை ரூவா மிச்சம் பண்ணுங்கன்னு ஒரே ஒரு நம்பர் குடுக்கலாம். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? சாமான் சாமானா பிரிச்சதை ஒரு கவர்ல போட்டு ஒட்டி, சின்னவருகிட்டக் குடுத்தேன். "ஜூலை மாச மீட்டிங்ல இதைப் பிரிச்சுப் பாக்கலாமுங்க தம்பி, அது வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். பர்சேஸ் ஆளுங்க யோசனை பண்ணி எங்க கொறைக்கறாங்கன்னு பாப்போம்"னேன். பர்சேஸுக்கு மொத்த நம்பர் மட்டும் குடுத்தேன்.

அந்த நம்பர்ல ஒரு பைசா அநியாயம் இல்ல. பெட்டி ரேட்டை நாயமாக் கொறைச்சா பாதி அங்கயே வந்துரும். மீதி அங்கங்க அஞ்சு பத்து பைசாவுல வந்துரும். யோக்கியனா இருந்தா ரெண்டே நாளு வேலை. ஆனா மச்சினன் பெட்டி மேல கை வெக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். கை வெக்கலீன்னா அத்தனையும் வேற யாருகிட்ட இருந்தாச்சும் பிச்சு எடுக்கோணும். பிச்சு எடுத்தான்னா ஜூலையில கவரைப் பிரிக்கையில வரிக்கு வரி தெரிஞ்சுபோவும். தப்பிக்க வழியே இல்ல. என்ன, பாத்தியா?

அவன் ரூமுக்கு வந்தான். என்ற ரூமுக்கு! "மேடம், இந்த நம்பரைக் கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க"ன்னான். உக்காரச் சொல்லல நானு. நிக்க வெச்சே பேசுனேன். "எதுலீங் சார் கஷ்டம்? எந்தச் சாமான்ல கொறைக்க முடியலைன்னு சொல்லுங்க, சேந்து பாப்போம்"னேன். அவன் பெட்டின்னு சொல்லுவானா? வந்த வழியே போயிட்டான்.

மொதல்ல வார்ப்படக்காரங்ககிட்டப் போயிருக்கறான். அவங்க பெரிய ஆளுங்க, போய்யான்னு சொல்லிட்டாங்க. பெயிண்ட் கம்பெனியும் அப்பிடித்தான். பொறவு எங்க போவான்? வாயில்லாத ஆளுங்ககிட்டத்தான் போவான். ஏப்ரல் இருவத்தெட்டாந் தேதி ஒரு ரேட் லெட்டர் காப்பி என்ற டேபிளுக்கு வந்துது. ரேட் மாறுனா எனக்கு ஒரு காப்பி வரும், நான் இனிஷியல் போட்டு பைல்ல வெக்கோணும். ரப்பர் சீல், பதினாலு நாப்பதுல இருந்து பதினொண்ணு இருவது.

பதினொண்ணு இருவது! பதிமூணு தொண்ணூறு ஆவற சாமானு அது. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. மாட்டுனான்டா! மாட்டுனான்! இனிஷியல் போட்டேன், பைல்ல வெச்சேன். அன்னிக்கு வீட்டுக்குப் போயி ரவா கேசரி கெளறுனேன். எங்க வீட்டுக்காரரு, "என்ன விசேசம்?"ன்னாரு. "சும்மாதானுங்க"ன்னேன்.

மே மாசம் மொத வாரம் தங்கேஸ்வரி வந்தா. கொட்டாய்க்கு இல்ல, ரூமுக்கு. ஏசி ரூமு, புது நாற்காலி. அதையெல்லாம் பாத்துச் சந்தோசப்பட்டா, அதையும் சொல்லோணும். பொறவுதான் பேச்சை எடுத்தா.

"அக்கா, கிருபாகரன் சாரு பதினொண்ணு இருவதுதான் தருவேங்கறாருங்க. ரப்பரு வாங்கற காசுக்கும் கரண்டுக்குமே காணாதுங்க. அந்தப் புள்ளைங்களுக்குக் கூலி எங்கிருந்து குடுக்கறது? முடியாதுன்னா ஆர்டரை வேற பக்கம் குடுத்துருவேங்கறாரு. உங்களுக்குத் தெரியுமுங்களாக்கா இது?"

நான் என்ன சொல்லட்டும்? வெசயத்தைச் சொன்னா இவ போயி யாருகிட்டயாவது சொல்லி, அவன் உசாராயி, ரேட்டை ஏத்திப்போட்டான்னா? அஞ்சு வருசம் கண்ணு. அஞ்சு வருசம் வெயில்ல வெந்து கெடைச்ச சந்தர்ப்பம் அது. "தங்கா, ஜூலை வரைக்கும் பொறுத்துக்க. எல்லாஞ் சரியாயிரும். அக்கா சொல்றேன்"னேன்.

"நீங்க சொன்னாச் சரிங்கக்கா"ன்னா. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை கேக்கல. போயிட்டா.

என்ன கண்ணு அப்பிடிப் பாக்கற? தண்ணி குடிக்கறியா? எங்கிட்ட இருக்குது. இது தெக்கலூர்தான், இன்னும் நேரமிருக்குது.

சொன்ன மாதிரி சப்ளை பண்ணுனா. மே மாசம் பூராவும் பண்ணுனா. ஜூன் மாசம் ஒரு பிரஸ்ஸை வித்துட்டான்னு ஸ்டோர்ஸ்ல பேசிக்கிட்டாங்க. மூணு பொம்பளைங்களை நிறுத்திட்டாளாம். எனக்குச் சங்கடமாத்தான் இருந்துது. போன் பண்ணலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். போன் பண்ணுனா என்னத்தைப் பேசறது? இன்னும் ரெண்டு வாரந்தானேன்னு வெச்சுட்டேன். ஜூன் இருவத்தேழாந் தேதி ஷெட்டைப் பூட்டிட்டா. எனக்கு என்ன தெரியும், அத்தனை சீக்கிரத்துல பூட்டுவான்னு? எத்தனையோ பேரு நஷ்டத்துல வருசக்கணக்கா ஓட்டறாங்களே? ஒரு ஒம்போது நாளு. ஒம்போதே நாளு பொறுத்திருக்கலாம். அதுல என்ற தப்பு என்ன இருக்குது, சொல்லு.

ஜூலை ஆறாந் தேதி மீட்டிங். நான் அதே பட்டுச்சேலையக் கட்டிட்டுப் போனேன். கிருபாகரன் எந்திரிச்சு, "டார்கெட்டை எட்டிட்டோமுங்க"ன்னு நெஞ்சை நிமித்திட்டுச் சொன்னான். சின்னவரு கைதட்டுனாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டிட்டு, "தம்பி, அந்தக் கவரைப் பிரிச்சரலாமுங்களா?"ன்னு கேட்டேன்.

அந்த மூஞ்சியை நீ பாத்திருக்கோணும் கண்ணு! அவனுக்குக் கவரு இருக்கறதே தெரியாதில்ல? சின்னவரு பிரிச்சாரு. ஒவ்வொரு வரியாப் படிக்கச் சொன்னாரு, அவனையே படிக்கச் சொன்னாரு. "சீல், நாயமான வெலை பதிமூணு தொண்ணூறு, வாங்குனது பதினொண்ணு இருவது." "வாசர், நாயமான வெலை இத்தனை, வாங்குனது இத்தனை." கொரல் எறங்கிட்டே வருது. பெட்டி வரிக்கு வந்தான். "பெட்டி, நாயமான வெலை அம்பத்தொம்பது. வாங்குனது..." நிறுத்திட்டான். "படிங்க"ன்னாரு சின்னவரு. "எம்பத்தெட்டு." கொறைக்கலைங்கறது மட்டுமில்ல, மூணு மாசத்துல ரெண்டு ரூவா ஏத்தியிருக்கறான்! "பெட்டி யாரு போடறாங்க?"ன்னு கேட்டாரு. நான் ஒரு வார்த்தை பேசல. பேசவே இல்ல. அவனாச் சொல்லட்டும்னு விட்டேன். சொன்னான். "என் மச்சினன் சார்."

அன்னிக்குச் சாயங்காலமே அனுப்பிட்டாங்க.

போறப்ப என்ற ரூம் வாசல்ல வந்து நின்னான். கையில ஒரு பை, அதுல டிபன் டப்பாவும் சாமி படமும். மன்னிப்புக் கேக்க வந்திருக்கறான்னு நெனச்சேன். கேட்டா என்ன சொல்லோணும்னுகூட நெனச்சு வெச்சிருந்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"பெட்டி விசயத்துல நான் திருடன் மேடம், ஒத்துக்கறேன். ஆனா அந்த ரப்பர்காரம்மா ரேட்டை நான் வெட்டுன அன்னிக்கே உங்க டேபிளுக்குக் காப்பி வந்துச்சு. இனிஷியல் போட்டிருக்கீங்க. நீங்க அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஷெட்டு ஓடிட்டிருக்கும். நான் வெட்டுனேன். நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

பாத்தியா கண்ணு? போற போக்குலகூட அவனுக்கு எம்மேல பழி போடத்தான் தோணுது! என்ன மனுசன் அவன்? வெட்டுனது அவனு. கையெழுத்து அவனோடது. நான் சும்மா இனிஷியல் போட்டவ. இல்ல, நீ சொல்லு, இனிஷியலுக்கும் கையெழுத்துக்கும் வித்தியாசம் இருக்குதா இல்லியா?

மறுநாளே சீல் ரேட்டைப் பதிமூணு தொண்ணூறுன்னு போட்டு தங்கேஸ்வரிக்கு லெட்டர் அனுப்பச் சொன்னேன். நானே நின்னு அனுப்ப வெச்சேன். ஆளில்லைன்னு திரும்பி வந்துருச்சு. விசாரிச்சா திருப்பூருக்குப் போயிட்டா, அவ அக்கா ஊட்டுப் பக்கம்னாங்க. போன் பண்ணுனா எடுக்கல. வேலையா இருந்திருப்பா.

நானும் சும்மா இருக்கல. கிருபாகரனுக்கு ரெண்டு மாசத்துல இன்னொரு கம்பெனில வேலை கெடைச்சிருச்சு. நல்ல வேலை, நல்ல சம்பளம். எனக்குத் தெரிஞ்சுது. அந்த முதலாளியம்மா எனக்குப் பழக்கம், ஒரு கல்யாணத்துல பாத்தது. போனைப் போட்டு, "ஒண்ணுமில்லீங்க, ஆள் எடுக்கறப்ப முன்ன எங்க இருந்தாருன்னு விசாரிச்சுக்குங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். போன மாசம் அங்கயும் நிறுத்திட்டாங்க. பொண்ணு காலேஜ்ல படிக்குதாம், பீஸ் கட்ட முடியாம நிக்குதாம்னு அக்கவுண்ட்ஸ்காரரு வந்து சொல்றாரு. எங்கிட்ட எதுக்குச் சொல்றாரு? நானா அந்தப் புள்ளையப் பெத்தேன்? நான் பழி வாங்கற ஆளு கெடையாதுன்னு உனக்கு மொதல்லயே சொன்னேன். நடந்ததைத்தான் நான் சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலியே.

இந்த நல்ல சேதியத் தங்கேஸ்வரிகிட்ட நேர்ல சொல்லோணும்னுதான் இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்தேன். அவளுக்குத்தானே மொதல்ல சொல்லோணும்? அவளையும்தானே அவன் கெடுத்தான்? அட்ரஸ் வாங்கித் தேடிக் கண்டுபுடிச்சேன். லைன் வீடு, ஒத்தை ரூமு. வாசல்லயே உக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிட்டு இருந்தா. பக்கத்துல மலையாட்டம் குமிச்சு வெச்சிருக்கறா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சா, "வாங்கக்கா"ன்னா. எளைச்சுப் போயிட்டா. உக்காரப் பாயைப் போட்டா. டீ வெச்சா.

நான் எல்லாத்தையும் சொன்னேன் கண்ணு. கவரு, மீட்டிங்கு, அவன் மூஞ்சி, மச்சினன் பெட்டிக் கம்பெனி படுத்துப்போனது, இப்பப் புது வேலையும் போனது. சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னேன். அவளும் சிரிப்பாள்னு பாத்தேன். கேட்டுட்டே வெட்டிட்டு இருந்தா. முடிஞ்சதும் கத்திரியக் கீழ வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"ஜூலை வரைக்கும் பொறுத்துக்கன்னு சொன்னப்பவே உங்களுக்கு இதெல்லாம் தெரியுமுங்களா?"

"பின்ன? ஏப்ரல் இருவத்தெட்டாந் தேதியே தெரியும்! நெளிஞ்சு தப்பிக்கக்கூடாதுன்னுதானே வாயத் தொறக்காம இருந்தேன்!"னேன். பெருமையாத்தான் சொன்னேன். அத்தனை பொறுமை யாருக்கு வரும், சொல்லு.

அவ என்ற டீ டம்ளரை எடுத்தா. இன்னும் பாதி இருந்துது அதுல. கொண்டுபோயிக் கொட்டிக் கழுவிக் கவுத்தா. முந்தானையில கையத் தொடைச்சுட்டு, "பஸ்ஸுக்கு நேரமாயிருமுங்க மேடம்"னா.

மேடமாம்! அத்தனை வருசமா அக்கா அக்கான்னு கூப்பிட்டவ. பேசிட்டு இருக்கறப்ப வாய் தவறிச் சொல்லியிருப்பா, அங்க பனியன் கம்பெனில மேடம் மேடம்னு கூப்பிட்டுப் பழகியிருக்கும். "எங்க கம்பெனிலயே ஒரு வேலை போட்டுத் தரட்டுமா தங்கா, ஸ்டோர்ஸ்ல?"ன்னு கேட்டேன். காதுல விழலைன்னு நெனைக்கறேன்.

நான் செருப்பு மாட்டற வரைக்கும் வாசல்ல நின்னா. நாலு எட்டு வெச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், கதவு சாத்தியிருக்குது.

வெயிலுக்குத்தான் சாத்தியிருப்பா. மேக்கால பாத்த வீடு கண்ணு அது. மத்தியானத்துக்கு மேல வெயிலு நேரா உள்ள வந்துரும்.